துளை பார்க்கிறவள்

கையுறைக் கம்பெனியில் பதினோரு வருஷம்
துளை பார்ப்பது என் வேலை.
காற்றூதி, வெளிச்சத்தில் பிடித்து,
ஊசிமுனை ஓட்டை இருந்தால்
சிவப்புத் தொட்டி.
ஷிஃப்டுக்கு நாலாயிரம் கைகள்.
ஒன்றுகூட என்னோடு கைகுலுக்கியதில்லை.

இப்போதும் துளைதான் பார்க்கிறேன்,
கோலக்கெட்டிலில், டயர் கடை மாடியில்,
டாக்டர் ஃபௌசியாவின் நுண்ணோக்கியில்.
இங்கே துளை இல்லாததைத்தான் ஒதுக்க வேண்டும்.
துளைகளைக் கோத்துக் கட்டிய உடம்பு.
ரேடியோலேரியா என்றார்.
வாயில் நுழையவில்லை;
கண்ணாடிக்காரி என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு மில்லிமீட்டருக்குள்
பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கலாம்.
உப்புத் தண்ணீரில் மிதந்து,
அதிலிருந்தே சத்தை இழுத்துக் கூடு பின்னி,
செத்து, மாவு சலித்தாற்போல் இறங்கி,
அடியில் படிந்து கல்லானவர்கள்.
கடலுக்கு இன்றைக்கு ஒரு மணி நேர பஸ்.
அன்றைக்குக் கடல் இங்கேதான்.
செம்பனைக் காட்டுக்குப் பின்னால்
மண் லோரிகளுக்காக அறுத்த மேட்டில்
அதன் அடித்தரை செங்குத்தாய் நிற்கிறது,
சுவரில் சாத்திய பலகைகள் மாதிரி.
இடப்பக்கம் மூத்தது, வலப்பக்கம் இளையது.
நாலு எட்டு வைத்தால் சில லட்சம் வருஷம்.

குப்புராஜ் அந்த மேட்டை லோரி லோரியாய்
தாமான்களுக்கு அள்ளிக் கொட்டியவர்.
"என் வீட்டுத் தரைக்கடியில் எத்தனை இருக்கும்?" என்றார்.
டாக்டர் கணக்குப் போட்டார்.
பூஜ்யம் எழுதிக் கை ஓய்ந்து
தே தாரிக் குடிக்கப் போய்விட்டார்.

கல்லை அமிலத்தில் ஊறவைத்து,
சலித்து, காயவைத்து,
மூன்று முடித் தூரிகையால் ஒவ்வொன்றாய்
கறுப்புத் தட்டில் வைக்கிறேன்.
மூத்த அடுக்குகளில்
நீண்ட கூம்புகள், பக்கத்துக்கொரு சிறகு,
சிலதுக்கு ஏணி.
வலப்பக்கம் போகப் போக
ஏணிக்கு ஒரு படி கூடுகிறது,
சிறகு சற்றே வளைகிறது.
யாரும் திட்டம் போடவில்லை.
இருந்ததில் கொஞ்சம் மாறியது தங்கியது.
தங்கியதில் கொஞ்சம் மாறியது.

அப்புறம் ஒரு முழம் கறுப்புக் களிமண்.
தட்டு காலி.
அடுத்த தட்டும் காலி.
"இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால்
கடலுக்கு மூச்சு முட்டியது," என்றார் டாக்டர்,
ஏர்கான் ரிமோட்டைத் தேடிக்கொண்டே.

களிமண்ணைத் தாண்டினால் வேறு ஆட்கள்.
அறைமேல் அறை வைத்துக் கோபுரம் கட்டினவர்கள்.
ஏணிக்காரர் ஒருவரும் இல்லை.

வியாழக்கிழமை, நாற்பத்தோராம் தட்டில்,
கோபுரங்களுக்கு நடுவே ஒரு பந்து.
மூன்று முள். ஒன்று மட்டும் முறுக்கியது.
இவளை எனக்குத் தெரியும்,
களிமண்ணுக்கு அந்தப் பக்கத்தில்.

முதலில் வந்தது பயம்.
தூரிகையைச் சரியாகக் கழுவவில்லையோ.
ஊதிவிடலாம். ஒரு மூச்சு போதும்.
மூச்சைப் பிடித்தபடி
டாக்டரைக் கூப்பிட்டேன்;
பிடித்த மூச்சில் குரல் வரவில்லை,
மேசையைத் தட்டினேன்.

புதுத் தூரிகை, புதுச் சல்லடை,
மேட்டிலிருந்து புதுக் கல்.
ஆறு நாள்.
மூன்று பேர் வந்தார்கள், அதே முறுக்கோடு.

"செத்ததாக எழுதிவைத்திருந்தோம்," என்றார்.
"எங்கேயோ பிழைத்திருக்கிறார்கள்.
அந்த இடத்துக் கல்லை நாம் இன்னும் உடைக்கவில்லை."

தோட்டம் கைமாறிய மாதம்
செக்ரோலில் எங்கள் பெயருக்குக் கீழே
கிராணி ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார்.
அந்தப் புத்தகத்தை மட்டும் புரட்டுகிறவருக்கு
நாங்கள் அன்றோடு சரி.
நான் அப்போது கம்பெனி பஸ்ஸுக்காக
பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சில்லுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும்.
இடம், அடுக்கு, தேதி.
பொறுக்கியவர் என்று ஒரு கட்டம்.
அதைக் காலியாக விட்டுக் கொடுத்தேன்.
திருப்பித் தந்தார்.
அமிர்தவல்லி என்று எழுதினேன், இடம் போதாமல்
கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே.
அந்த 'அ'வின் சுழிக்குள்ளேயே
நாற்பது பேர் நிற்கலாம்.